இசைத்துறை நூலகத்தில் முதலில் எதைக் கேட்பது? மாணவர் பரிந்துரைகள்

முதலாண்டு வாய்ப்பாட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பல்கலைக்கழக இசைத்துறையில் வாய்ப்பாட்டு முதலாண்டு படிக்கும் மாணவி. எங்கள் துறை நூலகத்தின் பின்பகுதியில் ஒலிப்பதிவுகளைக் கேட்பதற்கென்று சில மேசைகளும் ஹெட்ஃபோன்களும் வைத்திருக்கிறார்கள். பழைய இசைத்தட்டுகளிலிருந்தும் ஒலிநாடாக்களிலிருந்தும் மாற்றிய பதிவுகள் அங்குள்ள கணினியில் பாடகர் பெயரின் அகரவரிசையில் இருக்கின்றன. அந்தப் பட்டியலைத் திறந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல், வீட்டில் ஏற்கெனவே கேட்டுப் பழகிய பெயரையே மறுபடியும் அழுத்திவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன்.

மூத்த மாணவர்களைக் கேட்டால் எல்லாவற்றையும் கேள் என்கிறார்கள். ஆகவே இங்கே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒவ்வொருவரும் ஒரே ஒரு பதிவைச் சொல்லுங்கள். அதில் எந்த இடத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அற்புதம், தெய்விகம் போன்ற சொற்களைக் கொண்டு என்னால் எதையும் தேடி எடுக்க முடியவில்லை. இந்தப் பருவத்தின் ராக இலக்கணப் பட்டியலில் காம்போதி இருக்கிறது. அதிலிருந்து தொடங்கினால் தேர்வுக்கும் உதவியாக இருக்கும்.

மந்தர ஸ்தாயி எழுதியது:

காம்போதி என்று நீங்களே சொல்லிவிட்டதால் எனக்கு வேலை எளிதாயிற்று. முசிரி சுப்பிரமணிய ஐயர் பாடிய, கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘திருவடி சரணம்’ பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மறுபடியும் கருவடையும்’ என்று தொடங்கும் அநுபல்லவி வரியில் அவர் செய்யும் நிரவலுக்காக, அதாவது அதே வரியைத் திரும்பத் திரும்ப எடுத்து விரித்துப் பாடுவதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். வேகமான ஸ்வரக் கோவைகளை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள்; அவருடைய பலம் மெதுவான சவுக்க காலத்தில் இருந்தது.

முதல் முறை கேட்கும்போது ராகத்தை மறந்துவிட்டுச் சொற்களை மட்டும் பின்தொடருங்கள். கையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டே கேட்டால், வரியின் சொற்கள் தாளத்தில் எந்த எண்ணிக்கையில் விழுகின்றனவோ அந்த இடத்தை விட்டுப் பெரிதும் நகராமலேயே அவற்றின் மேல் ராகம் படிப்படியாக உயர்ந்து செல்வது தெரியும். மீண்டும் பிறவி தந்து வருத்த வேண்டாம் என்று இறைஞ்சுகிற வரி அது. பொருள் பிடிபட்ட பிறகு, அவர் எந்தச் சொல்லின் மேல் நிற்கிறார், எதைச் சட்டென்று கடந்துபோகிறார் என்று பாருங்கள்.

அடுத்த முறை ராகத்தைக் கவனியுங்கள். காம்போதி 28ஆவது மேளமான (தாய் ராகமான) ஹரிகாம்போதியின் ஜன்யம், அதாவது அதிலிருந்து பிறந்த ராகம் என்பதும், ஏறுவரிசையான ஆரோகணத்தில் நிஷாதம் (நி) கிடையாது என்பதும் உங்கள் பாடக் குறிப்பேட்டில் இருக்கும். ஆனால் காம்போதியைக் காம்போதியாக ஆக்குவது குறிப்பேட்டின் ஏறுவரிசையும் இறங்குவரிசையும் அல்ல. மபதச என்று நிஷாதத்தை விட்டுத் தாவி மேல் ஷட்ஜத்தை (ச) தொடும் விதமும், சநிபதச என்ற பிடியில் (ராகத்துக்கே உரிய ஸ்வரத் தொடரில்) மட்டும் வழக்கமான கைசிகி நிஷாதத்துக்கு மாறாகச் சற்று உயர்ந்த காகலி நிஷாதம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதும்தான் அதன் முகவரி. அந்தப் பிடி வரும் ஒவ்வொரு முறையும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். தேர்வில் அந்நிய ஸ்வரம் என்று ஒரு வரியில் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்குகிற விஷயம், அப்போதுதான் செவியில் ஏறும்.

ஒன்று என்று கேட்டீர்கள். இரண்டாவதை இதன் இணைப்பாகக் கொள்ளுங்கள். மதுரை மணி ஐயர் பாடிப் புகழ்பெற்ற, பாபநாசம் சிவனின் ‘காணக் கண் கோடி வேண்டும்’ பாட்டும் காம்போதியே. முசிரியிடம் கீழே அமர்ந்து கெஞ்சுகிற அதே ராகம், இங்கே கபாலி வீதியுலா வரும் மாட வீதியில் கூட்டத்தோடு நிற்கிறது. மணி ஐயரின் கற்பனை ஸ்வரங்களில் ஸ்வரப் பெயர்கள் ஏறத்தாழத் தெளிவாகவே கேட்கும் என்பதால், எழுதிப் பழகுவதற்கு அவரைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது.

வலந்தலை எழுதியது:

நான் மிருதங்க மாணவன். பரிந்துரைக்கு முன்பு ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். நூலகப் பட்டியலில் பாடகர் பெயர் இருக்கிறது, ராகம் இருக்கிறது, தாளம்கூடச் சில இடங்களில் இருக்கிறது. வயலின் யார், மிருதங்கம் யார் என்பது மட்டும் பத்தில் ஒன்பது பதிவுகளில் இல்லை. ஒலிநாடாவின் உறையில் யாரோ பேனாவால் எழுதி வைத்திருந்த பெயர்கள் கணினிக்கு மாற்றும்போது விடுபட்டுப் போயின. ஆகவே உறைகள் இன்னும் அலமாரியில் இருந்தால் நூலகரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

என் பரிந்துரை தனிப் பதிவு அன்று. மேலே சொன்ன பதிவுகளையே மூன்றாம் முறை கேட்கும் முறை. பாட்டைத் தவிர்த்து, மிருதங்கத்தில் கனத்த ஒலி தரும் பக்கமான தொப்பியை மட்டும் கேளுங்கள். நிரவல் தொடங்கும் முதல் ஆவர்த்தனத்தில் (தாளச் சுற்றில்) மிருதங்கம் எவ்வளவு குறைவாக வாசிக்கிறது, பாடகர் வரியை எடுத்த இடத்துக்கு எப்போது பதில் சொல்லத் தொடங்குகிறது, எங்கே கையை எடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறது என்று கவனித்தால், பாடுகிறவர் ஏன் அந்த இடத்தில் துணிந்து நிற்க முடிந்தது என்பதும் புரியும்.

இதற்குப் பழனி சுப்பிரமணிய பிள்ளை வாசித்த பதிவு எது கிடைத்தாலும் முதலில் எடுங்கள். அவர் இடக்கைப் பழக்கம் உடையவர். மிருதங்கத்தின் மற்றப் பக்கமான வலந்தலை சபையை நோக்கி இருக்க வேண்டும் என்பதால் மேடையில் மற்றவர்கள் அமரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அமர வேண்டியிருந்தது. அதை வைத்தே அவருக்கு எத்தனையோ சங்கடங்கள் நேர்ந்தன. அவருடைய தொப்பியில் கும்கி என்ற வளைந்தெழும் ஒலி எழும்போது மட்டமான ஒலிப்பதிவிலும் அது தனியாகக் கேட்கும். பாலக்காடு மணி ஐயரை எடுத்தால் இன்னொரு செய்தியை நினைவில் வையுங்கள். பிற்காலத்தில் ஒலிபெருக்கியே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தவர் அவர். அவருடைய சில பதிவுகளில் மிருதங்கம் சற்றுத் தள்ளிக் கேட்பதைப் பதிவின் குற்றம் என்று எண்ணி ஒலியைக் கூட்டிவிடாதீர்கள்.

பண்ணடைவு எழுதியது:

காம்போதி என்றதும் எல்லோரும் கீர்த்தனைகளுக்குள்ளேயே சுற்றுவது வழக்கம்தான். தேவாரப் பண்களில் தக்கேசியை ஓதுவார்கள் இன்று காம்போதியில் பாடுகிறார்கள். தருமபுரம் ப. சுவாமிநாதன் பாடிய திருமுறைப் பதிவுகளில் சுந்தரரின் கச்சி ஏகம்பப் பதிகத்தைத் தேடிக் கேளுங்கள். ‘ஆலந்தான் உகந்து அமுதுசெய் தானை’ என்று தொடங்கும்.

ஏன் இந்தப் பதிகம் என்றால், திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்த சபதத்தை மீறியதால் பார்வை இழந்த சுந்தரர், காஞ்சியில் இடக்கண் பெற்றபோது பாடியது இது. பாட்டுக்குப் பாட்டு ‘காணக் கண் அடியேன் பெற்றவாறே’ என்று முடியும். மந்தர ஸ்தாயி சொன்ன ‘காணக் கண் கோடி வேண்டும்’ பாட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கண் கிடைத்ததற்கே உருகி நிற்கிறவர் ஒருவர். கோடிக் கண் போதாது என்கிறவர் இன்னொருவர். இரண்டும் இன்று பாடப்படுவது ஒரே ராகத்தில். பாபநாசம் சிவன் இந்தப் பதிகத்தை மனத்தில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்தடுத்துக் கேட்ட பிறகு இவற்றைப் பிரித்து நினைக்க எனக்கு முடிவதில்லை.

கவனிக்க வேண்டியது: ஓதுவார் முறையில் ஆலாபனை நீளாது, ஒரே வரியின் மாறுபட்ட வடிவங்களான சங்கதிகள் அடுக்கப்படுவதில்லை, பாடலின் யாப்பே ராகத்தை நடத்திச் செல்கிறது. சீர் பிரிகிற இடத்தில் குரலும் எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். காம்போதிக்கு இவ்வளவு சிறிய உடம்பும் போதும் என்பது அப்போது தெரியும்.

பாரி நாயனம் எழுதியது:

வாய்ப்பாட்டு மாணவர்களுக்கு வாய்ப்பாட்டையே பரிந்துரைத்துக் கொண்டிருந்தால் அவர்கள் மூச்சைப் பற்றி எங்கே கற்றுக்கொள்வது? காம்போதி காத்திருக்கட்டும். திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தில் வாசித்த தோடி இசைத்தட்டை ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, அறையில் ஸ்பீக்கர் இருந்தால் அதில் போட்டுக் கேளுங்கள். அவர் 1956இல் மறைந்தார். அதற்குப் பின் தோடி வாசித்த நாதஸ்வரக்காரர்களில் அவரை மனத்தில் கொள்ளாமல் வாசித்தவர் ஒருவர்கூட இருக்க மாட்டார் என்பது என் துணிபு.

முதலில் வாத்தியத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு வழக்கில் இருந்த திமிரி நாயனம் குட்டையானது. நான்கு, ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் ஊதுவது. கோயில் வீதியில் நெடுந்தூரம் கேட்க அது ஏற்றது. ராஜரத்தினம் பிள்ளை, நரசிங்கம்பேட்டையில் நாயனம் செய்த ரங்கநாதன் ஆசாரியுடன் சேர்ந்து, நீளமான பாரி நாயனத்தை நிலைபெறச் செய்தார். சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கிற்று, ஒலி கனத்தது, சுத்த மத்தியமமும் சரியாக நின்றது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் இன்றும் நாயனம் கடைகிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இனிப் பதிவுக்குள் வருவோம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரம் அன்று. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையில் அசைந்துகொண்டே இருப்பது. அந்த அசைவைப் பாடகர்கள் தொண்டையில் செய்கிறார்கள். நாயனக்காரர் விரலை முழுதும் எடுக்காமல், ஊதுமுனையான சீவாளியின் மேல் உதட்டு அழுத்தத்தையும் மூச்சையும் கூட்டிக் குறைத்துச் செய்கிறார். பஞ்சமத்தைத் தொடாமலே மத்தியமத்திலிருந்து தைவதத்துக்குப் போய்த் திரும்பும் பிடிகள் வரும் இடங்களில் நிறுத்தி, அதே மூச்சில் நீங்கள் பாடிப் பாருங்கள். பாதி வழியில் நின்றுவிடுவீர்கள், நாங்களும் நிற்கிறோம்.

முதலாண்டு வாய்ப்பாட்டு எழுதியது:

நான் எதிர்பார்த்ததைவிட மிகுதியாகவே கிடைத்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள் எழுகின்றன. தோடி இசைத்தட்டு ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடுகிறதே, அவ்வளவு சிறிய பதிவைக் கேட்டு ராகத்தை எப்படி அறிவது? மேலும், கணினியில் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்கும் வசதி இருக்கிறது. ஸ்வரங்களின் அசைவான கமகத்தைப் பிடிக்க அதைப் பயன்படுத்தலாமா?

நான்கு களை எழுதியது:

உங்கள் முதல் ஐயம் நியாயமானது. இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளோடு எனக்குள்ள கருத்து வேறுபாடும் அதுவே. இசைத்தட்டு வியாபாரத்துக்காகச் சுருக்கியது. சங்கீதம் கச்சேரியில் இருக்கிறது. நூலகத்தில் இரண்டரை, மூன்று மணி நேரம் ஓடும் முழுக் கச்சேரிப் பதிவு ஏதேனும் இருந்தால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் கச்சேரி ஒன்றை வர்ணத்திலிருந்து மங்களம் வரை எழுந்திருக்காமல் கேளுங்கள். இன்று எல்லோரும் பின்பற்றும் கச்சேரிப் பத்ததியை வகுத்தவர் என்று அவரைப் படித்திருப்பீர்கள். வகுத்தது என்ன என்பது கேட்டால்தான் தெரியும். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தக் காலப்பிரமாணத்தில் (வேகத்தில்) அடுத்தது வருகிறது, கனமான ராகத்தை எத்தனை பாட்டுகளுக்குப் பிறகு எடுக்கிறார், மிருதங்கம் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் சபையை எப்படி இளைப்பாற வைக்கிறார் என்பவற்றை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்திலும் தேவைக்கு மேல் இராது. சிலருக்கு அது சலிப்பாகவும் தோன்றக்கூடும். எனக்கு முதலில் அப்படித்தான் இருந்தது.

காம்போதியே வேண்டுமென்றால் செம்மங்குடி ஸ்ரீநிவாச ஐயர் கச்சேரியில் பாடிய, தியாகராஜரின் ‘ஓ ரங்கசாயி’ இருக்கிறதா என்று பாருங்கள். ஆலாபனை, வயலின் ஆலாபனை, கீர்த்தனை, ‘பூலோக வைகுண்டம்’ என்ற இடத்தில் நிரவல், ஸ்வரம், தனி என்று வரிசையாக வரும்போது, ஒரே ராகம் ஐந்து வேலைகளைச் செய்வதைக் காணலாம். ஆலாபனையில் அவர் ஒரு பிடியைப் பிடித்து அடித்து அடித்துத் திறக்கும் முறை மூன்று நிமிடத்துக்குள் அடங்காது. குரல் ஒத்துழைக்காதபோதும் விடாமல் முட்டிப் பார்ப்பவர் அவர். வயலின்காரர் அதே பிடியைத் தம் முறையில் திருப்பும்போது, இவர் விட்டதையும் அவர் சேர்த்ததையும் ஒப்பிட்டு எழுதினால் அதுவே ஒரு கட்டுரையாகிவிடும்.

மந்தர ஸ்தாயி எழுதியது:

நான்கு களைக்கு: முழுக் கச்சேரியைக் கேட்க வேண்டும் என்பதை யார் மறுத்தார்கள்? ஆனால் வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் முக்கால் மணி நேரம் கிடைக்கிற முதலாண்டு மாணவிக்கு மூன்று மணி நேரப் பதிவைக் கொடுத்தால், அவர் வர்ணத்தையும் இரண்டு உருப்படிகளையும் பத்து முறை கேட்பாரே தவிரக் காம்போதி வரை வந்து சேரமாட்டார். இசைத்தட்டின் சுருக்கம் குறைபாடு மட்டுமன்று. ராகத்தின் முகத்தை முதல் பிடியிலேயே காட்டியாக வேண்டிய கட்டாயம் அதில் இருந்தது. முசிரியின் ‘நகுமோமு’ இசைத்தட்டு நாடெங்கும் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். எது அத்தியாவசியம் என்று பாடகரே சலித்துக் கொடுத்த பதிவு என்று அதைக் கொள்ளலாம். மூன்று நிமிடம் என்பதால் அரை மணியில் பலமுறை கேட்கவும் முடியும்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. பழைய இசைத்தட்டுகள் எல்லாமே சரியாக நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல; கணினிக்கு மாற்றியவர்களும் எல்லோரும் சுற்றைச் சரிபார்த்தவர்கள் அல்லர். 78 சுற்றில் பதிந்ததை 80 சுற்றில் ஓட்டினால் சுருதி ஏறத்தாழக் கால் கட்டை ஏறிவிடும். காலப்பிரமாணமும் கூடவே விரையும். அந்தக் காலத்தவர்கள் எல்லோரும் இத்தனை வேகமாகப் பாடினார்களா என்று வியந்து முடிவு கட்டுவதற்கு முன், சுருதிப்பெட்டியை வைத்துப் பதிவின் ஷட்ஜம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதே பாடகரின் வானொலிப் பதிவோ கச்சேரிப் பதிவோ கிடைத்தால் ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் முதலில் சுற்றின் மேல் சந்தேகப்படுங்கள்.

வலந்தலை எழுதியது:

இதோடு ஒரு கூடுதல் குறிப்பு. வீட்டில் ஒலிநாடாவில் பதிந்த கச்சேரிகளில் தனி ஆவர்த்தனத்தின்போது நாடா தீர்ந்துபோகும், அல்லது நாடாவை மிச்சப்படுத்தத் தனியையே நிறுத்தி வைத்துவிட்டுப் பாட்டு திரும்பும்போது மீண்டும் ஓட விடுவார்கள். நான்கு களை முழுக் கச்சேரி என்று சொல்லும்போது எங்கள் பங்கு அதில் பாதிதான் இருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

அளவெட்டி வாசகி எழுதியது:

மருதனார்மடத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பிரிவில் பயின்றவள் நான். நாதஸ்வரம் பற்றிப் பேசியவர் தவிலை விட்டுவிட்டார். எங்கள் ஊரான அளவெட்டியில் வாழ்ந்த தவில் வித்துவான் தட்சணாமூர்த்தியின் வாசிப்பு எந்த ஒலிநாடாவிலோ இறுவட்டிலோ அகப்பட்டாலும் கேளுங்கள். 1975இல் மறைந்துவிட்டார். தமிழ்நாட்டின் பெரிய நாதஸ்வரக்காரர்களுக்கும் வாசித்தவர் என்பதால் அங்குள்ள நூலகங்களிலும் தேடிப் பார்க்கலாம்.

வலக்கை விரல்களில் கூடு மாட்டி வலந்தலையில் வாசிப்பதும், இடக்கைக் கம்பால் தொப்பியில் அடிப்பதும் இரு வேறு மனிதர்களின் வேலையோ என்று எண்ணும்படி ஒன்றையொன்று நம்பாமல் ஓடும். கவனமாகக் கேட்டால் இரண்டும் ஒரே தாளக் கணக்கில் வந்து சேருவது தெரியும். நீங்கள் வாய்ப்பாட்டு மாணவி என்பதால் கணக்கைத் தேட வேண்டாம். விரல் வேகத்தில் ஒலி எங்கும் கலங்காமல் தவிலின் ஒவ்வொரு ஒலிச்சொல்லும் தனித்தனியே விழுகிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும். துரித காலத்தில் ஸ்வரம் பாடும்போது எழுத்து கலங்குகிறது என்று ஆசிரியர் கண்டிப்பதன் காரணம் தானாக விளங்கும். திருவிழாவில் பதிவானவற்றில் சனத்தின் இரைச்சலும் சேர்ந்திருக்கும். அதைத் துடைத்துக் கொடுத்த பதிவுகளைவிட அந்த இரைச்சலோடு இருப்பவையே எனக்கு உவப்பானவை.

அயலகக் காப்பகம் எழுதியது:

நான் வெளிநாட்டில் இசையியல் படிக்கிறேன். நம் சங்கீதத்தின் நல்ல பதிவுகள் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உருவானவை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1960களிலிருந்தே கர்நாடக இசை கற்பிக்கப்பட்டது. வீணை தனம்மாளின் பேரர்களான டி. ரங்கநாதனும் டி. விஸ்வநாதனும் அங்கே மிருதங்கமும் பாட்டும் குழலும் கற்பித்தார்கள். 1960களின் பிற்பகுதியில் ராம்நாடு கிருஷ்ணன் அங்கே இருந்த காலத்தில் நான்சச் நிறுவனம் வெளியிட்ட அவருடைய இசைத்தட்டுகள் உங்கள் நூலகத்தில் இருக்க வாய்ப்பு உண்டு. என் பரிந்துரை அவையே.

சபைக்காகக் குரலை உயர்த்தாமல், எதிரில் இருக்கும் நான்கைந்து பேருக்குப் பாடுவதுபோல் இருக்கும். பேகடையும் சகானாவும் போன்ற, ஆரோகண அவரோகணத்தை எழுதி வைத்தால் அடையாளமே தெரியாத ராகங்களை அவரிடம்தான் கேட்க வேண்டும். ஒரு ஸ்வரத்தை முழுவதும் சொல்லாமல் விட்டுவிடுவது எப்படி என்பதை அவர் கற்றுக்கொடுப்பார். அதே தனம்மாள் குடும்பத்தின் பிருந்தாவும் முக்தாவும் பாடிய க்ஷேத்ரக்ஞரின் பதங்கள் என்ற மெதுநடைப் பாடல்களை அடுத்ததாக வையுங்கள். அங்கே காலப்பிரமாணம் எவ்வளவு மெதுவாகச் சென்றாலும் ஸ்வரங்களுக்கிடையே வெற்றிடம் இராது. அவர்கள் காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடமும் கற்றவர்கள். லயத்தில் பெயர் பெற்ற அவருடைய குரல் இசைத்தட்டில் நமக்குக் கிடைக்கவில்லை. மாணவர்கள் வழியாகத்தான் அவரை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

வெஸ்லியனில் இந்தச் சங்கீதத்தைக் கற்று, சென்னைக் கச்சேரி மேடைகளில் ஹிக்கின்ஸ் பாகவதர் என்று பெயரெடுத்த ஜான் ஹிக்கின்ஸையும் ஒருமுறை கேளுங்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மாணவர் திருச்சி சங்கரனும் அவரும் சேர்ந்து 1971இல் டொரன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைக் கல்வியைத் தொடங்கினார்கள். தமிழையும் தெலுங்கையும் எழுத்தெழுத்தாகக் கற்ற ஒருவரின் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு, பிறப்பாலே தமிழ் பேசும் நாம் வல்லின மெல்லினங்களைப் பாட்டில் எப்படி விழுங்குகிறோம் என்பதையும் பதிந்து கேட்டுப் பார்க்கலாம்.

பாரி நாயனம் எழுதியது:

வேகத்தைக் குறைத்துக் கேட்பது பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. என் கருத்தில் வேண்டாம். பாதி வேகத்தில் கமகம் எந்த ஸ்வரத்திலிருந்து எந்த ஸ்வரத்துக்குப் போகிறது என்பது தெரியும். எவ்வளவு அழுத்தத்தோடு போகிறது என்பது தெரியாது. அப்படிக் கற்றவர்கள் தோடிக் காந்தாரத்தை ஏணிப்படி ஏறி இறங்குவதுபோல் பாடுவதை வகுப்பிலேயே கேட்கிறோம்.

அயலகக் காப்பகம் எழுதியது:

முற்றிலும் விலக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். பிருந்தா பாடிய ஓர் அசைவை நாலு நாள் கேட்டும் எழுத முடியாமல், வேகத்தைக் குறைத்தபோது அதில் நான் எண்ணியிராத ஒரு ஸ்வரத் தொடுகை இருப்பதைக் கண்டேன். முழு வேகத்தில் பாடிப் பார்த்துத் தோற்ற பிறகு, தோற்ற இடத்தை மட்டும் குறைத்துக் கேட்டுவிட்டு, உடனே முழு வேகத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஸ்வரப்படுத்தி எழுதுவதற்கு அது உதவும். பாடுவதற்குப் பாரி நாயனம் சொல்வதே சரி.

விளம்பம் எழுதியது:

எம். டி. ராமநாதன் பாடிய ‘சாமஜவரகமனா’. ஹிந்தோளத்தில் எல்லோரும் துள்ளி ஓடுகிற கீர்த்தனையை அவர் எங்கே நிறுத்தி வைக்கிறார் என்று மட்டும் பாருங்கள். பிடிக்காமல் போனால் மூன்றாம் ஆண்டில் மறுபடி கேளுங்கள்.

முதலாண்டு வாய்ப்பாட்டு எழுதியது:

சொன்னவற்றில் காம்போதிப் பதிவுகளை மட்டும் இந்த வாரம் கேட்டேன். சநிபதச பிடிக்குக் கோடு போடும் வேலை முதலில் வெறும் எண்ணிக்கையாகத்தான் இருந்தது. பிறகு, அந்தப் பிடி பெரும்பாலும் ஒரு வாக்கியம் முடிகிற இடத்தில், மேல் ஷட்ஜத்தில் இளைப்பாறுவதற்கு முன் வருகிறது என்று என் காதுக்குப் பட்டது. தக்கேசிப் பதிகத்தில் நான் கேட்டவரையில் அது அகப்படவில்லை. ஆனாலும் காம்போதி என்பதில் ஐயம் எழவில்லை. அப்படியானால் அந்தப் பிடி ராகத்தின் அடையாளம் என்று எழுதுவது சரியா? மதுரை மணி ஐயரின் ஸ்வரங்களை எழுதிப் பார்த்தபோது நான்கு ஆவர்த்தனத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அடுத்து யதுகுல காம்போதியும் பட்டியலில் இருக்கிறது; அதையும் இப்போதே தொடங்கலாமா?

பண்ணடைவு எழுதியது:

தக்கேசிக்குக் காம்போதி என்பது ஓதுவார் மரபில் நமக்கு வந்துசேர்ந்த வழக்கு. சுந்தரர் காலத்துத் தக்கேசி இன்றைய காம்போதியேதான் என்று அதைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. தமிழ் இசைச் சங்கத்தின் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில் ஆண்டுதோறும் பேசியும் தீராத விவகாரம் இது. ஒரு பிடி இல்லாமலும் ராகம் விளங்குகிறது என்று நீங்கள் கேட்டதை அப்படியே எழுதி வையுங்கள். தேர்வுத்தாளில் மட்டும் பாடநூலில் உள்ளதை எழுதிவிடுங்கள்.

மந்தர ஸ்தாயி எழுதியது:

யதுகுல காம்போதியை இப்போதே தொடங்கலாம். தள்ளிப்போட்டால் இரண்டும் குழம்பும். சியாமா சாஸ்திரியின் ‘காமாக்ஷி நீ பதயுகமே’ ஸ்வரஜதியை எடுங்கள். ஸ்வரத்தையும் அதற்குரிய சாகித்தியத்தையும் அடுத்தடுத்துப் பாடுவார்கள் என்பதால், ஏறும்போது காந்தாரத்தை விட்டுச் சரிமபதச என்று போவது பெயரோடு காதில் விழும். காம்போதியின் சரிகமபதச ஏற்றத்திலிருந்து அது பிரியும் இடம் அதுதான். மணி ஐயரின் ஸ்வரங்களை நான்கு ஆவர்த்தனம் எழுதியதே போதும். மீதியை எழுத வேண்டாம். கூடவே பாடிக்கொண்டு வாருங்கள். நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்றால் உதட்டசைவில் பாடுங்கள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், நூலகரும் கண்டுகொள்வதில்லை.